‘படித்ததில் பிடித்தது’ என்று போட்டால் பெயர் போட்டதாகுமா?

திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக: மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டியபோது கல் சுமந்த தன் பாட்டாவைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஒரு கட்டுரை எழுதி, நான்கு படங்களோடு போட்டிருக்கிறார். கீழே ‘பகிர்ந்தால் பெயரோடு பகிருங்கள்’ என்று ஒரு வரி. ஒரே வாரத்தில் அது ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு, பெயரில்லாமல், அவருடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பி வந்துவிட்டது. கோயம்புத்தூர் யூடியூப்காரர் ஒருவர் கட்டுரையை அப்படியே வாசித்து, ‘பாட்டா’வை மட்டும் ‘எங்க தாத்தா’ ஆக்கிவிட்டார். இங்கே மாவட்டத்துக்குள்ளேயே ஒரு லாட்ஜ், படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டி, நோட்டீஸிலும் போட்டிருக்கிறது. கேட்டால் ‘கூகுள்ல கிடந்துச்சு, எடுத்தோம்’ என்கிறார்களாம். ‘காசு வேண்டாம் சார், பெயர் போட்டால் போதும். நான் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. கேட்க எனக்கு உரிமை உண்டா?’

உண்டு. பதிவு செய்யாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கட்டுரையை எழுதியபோதே அது எழுதியவருடையது, படம் எடுத்தவுடனேயே அது எடுத்தவருடையது. (எடுத்தவருடையது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.) அவர் வாழ்நாள் முழுக்கவும், இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் கோர்ட்டில் வேலை சுலபம், அவ்வளவுதான்.

‘கூகுள்ல கிடந்துச்சு’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. வடசேரி சந்தையில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்குகிறது என்பதற்காக வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட முடியுமா? ஃபேஸ்புக்கில் போடும்போது அதைக் காட்டுவதற்கான அனுமதியை அந்த நிறுவனத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள், ஊருக்கெல்லாம் இல்லை. ஷேர் பட்டனைத் தட்டிப் பகிர்பவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அதில் உங்கள் பெயரும் கூடவே போகிறது. இறக்கி, பெயரை வெட்டி, தன் பக்கத்தில் புதிதாக ஏற்றுபவர்தான் நம் ஆள்.

அதே சமயம் உங்களுடையது அல்லாததையும் சொல்லிவிட வேண்டும். பாலம் 1966-இல் கட்டப்பட்டது, பறளியாற்றுக்கு மேலே பட்டணங்கால் தண்ணீரைக் கொண்டுபோகிறது என்பதெல்லாம் தகவல், யாரும் எழுதலாம். நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று, அதே பனிமூட்டத்தில் இன்னொருவர் படம் எடுத்தாலும் தப்பில்லை. ஆனால் பாட்டாவின் தோளில் இருந்த தழும்பைப் பற்றி எழுதினீர்களே, அந்த வாக்கியங்கள் உங்களுடையவை.

இனி ‘பெயர் போட்டால் போதும்’ என்பதற்கு வருவோம். இதில்தான் நம்மில் பலர் குழம்புகிறோம். பெயர் கேட்பது ஒரு உரிமை, அனுமதி கேட்கச் சொல்வது வேறொரு உரிமை. ‘இதை எழுதியது நான்தான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பிரிவு 57-இல் இருக்கிறது, பதிப்புரிமையையே ஒருவருக்கு விற்றுவிட்டாலும் அது உங்களிடமே இருக்கும். நகல் எடுக்கலாமா, அச்சடிக்கலாமா என்று முடிவு செய்வது இன்னொன்று. ஆகவே லாட்ஜ்காரர் நாளைக்கே நோட்டீஸின் மூலையில் ‘நன்றி’ என்று உங்கள் பெயரைப் போட்டாலும், கேட்காமல் எடுத்தது கேட்டு எடுத்ததாக ஆகிவிடாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நீங்கள் போட்ட ‘பெயரோடு பகிருங்கள்’ என்ற வரியையே காட்டி, பெயர் போட்டால் வியாபாரத்துக்கும் எடுக்கலாம் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார் என எதிர்த்தரப்பு சொல்லலாம். நான் அந்தப் பக்கம் ஆஜரானால் நிச்சயம் அப்படித்தான் வாதாடுவேன். வரியை இன்றே மாற்றுங்கள்: ‘ஷேர் செய்யலாம். வேறு எங்கும் பயன்படுத்த என்னிடம் எழுதிக் கேட்க வேண்டும்.’

யாரிடமும் பேசுவதற்கு முன் சாட்சியத்தைச் சேர்த்து வையுங்கள், கேட்ட மறுநிமிடமே அழித்துவிட்டு ‘நாங்க போடவே இல்லையே’ என்பார்கள். முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், லாட்ஜ் நோட்டீஸில் ஒரு பிரதி, செல்போனில் இருக்கும் மூலப் படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பிய நகலில் எடுத்த தேதி, நேர விவரம் எல்லாம் போய்விடும், அதனால் மூலத்தை அழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களை விட்டுவிடுங்கள். சொந்தக்காரர் யாராவது அனுப்பியிருந்தால் ‘இது நான் எழுதினது, பெயரைச் சேர்த்துவிடுங்க’ என்று ஒரு வரி போதும். ஃபார்வர்டு செய்தவர்களை எல்லாம் தேடிப் போனால் பாட்டா பாலம் கட்டி முடித்ததைவிட அதிக நாள் பிடிக்கும்.

யூடியூப்காரருக்கு முதலில் தனிச்செய்தி அனுப்புங்கள், பொதுவில் திட்ட வேண்டாம். இப்படி: ‘இந்தத் தேதியில் நீங்கள் வெளியிட்ட வீடியோவில் வாசித்தது என் கட்டுரை, அதில் வரும் பெரியவர் என் பாட்டா. ஏழு நாளுக்குள் வீடியோவை எடுத்துவிட்டு, எழுதியது யார் என்று உங்கள் சேனலில் தெரிவிக்க வேண்டும்.’ பதில் இல்லையென்றால் யூடியூபிலேயே பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாம், வீடியோ நீக்கப்பட்டால் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள் என்பதால் பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்கு முன்பே இறங்கி வருவார்கள். அப்படியும் வராவிட்டால் வழக்குக்காகக் கோயம்புத்தூர் வரை அலைய வேண்டாம். பிரிவு 62-இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே போடலாம்.

‘போலீஸில் கொடுத்து உள்ளே தள்ளலாமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிவு 63-இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறதுதான். ஆனால் முதல் செய்தியிலேயே அதைச் சொல்லி மிரட்டுவது எனக்குப் பிடிக்காது, நல்லபடியாக முடிய வேண்டியதும் கெட்டுப்போகும்.

கடைசியாக லாட்ஜ். இங்கே பெயரோடு நிற்காமல் காசும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் அவர்கள் அதை வைத்துத்தான் அறை விற்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை. ‘நான் பாலத்தின் மேல் நடந்து போகிற படம், மைனிதான் எடுத்தாள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், லாட்ஜ் சுவரில் தொங்குவது அந்தப் படம்தானே? செல்போன் உங்களுடையது, படத்தில் இருப்பதும் நீங்கள், இருந்தாலும் காசு வாங்காமல் சும்மா எடுத்துக் கொடுத்த படம், எடுத்தவருக்கே சொந்தம். உங்கள் கட்டுரையில்கூட அவர் பெயர் இல்லை, நானும் தேடிப் பார்த்தேன். முதலில் அங்கே ‘படம்’ என்று போட்டு மைனி பெயரைச் சேருங்கள், அப்புறம் அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அவர் கையெழுத்தோடு லாட்ஜுக்கு ஒரு கடிதம் தயார் செய்து தருகிறேன், விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.