மேரிலாண்டில் மாண்ட்கோமரி கவுண்டியில் வீடு பார்க்கிறோம். பள்ளிகளில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கலந்து படிக்கிறார்களாம். ரேட்டிங் குறைவான பள்ளி என்றால் பரவாயில்லையா?

பிள்ளைகள் கலந்து படிப்பது ஒரு விஷயம், ரேட்டிங் குறைவது வேறு விஷயம். வீடு தேடும் அவசரத்தில் நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நான் ஜெர்மன்டவுன் பக்கம் இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இந்த அரசுப் பள்ளிகளில்தான் படித்தார்கள். வீட்டு விளம்பரத்துக்குக் கீழே பத்துக்கு ஐந்து, ஆறு என்று போட்டிருக்கும் பள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் புரிய இந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

நீங்கள் நியூஜெர்சியிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஊருக்கு ஊர் தனி டிஸ்ட்ரிக்ட், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், மாநிலம் முழுக்கக் கிட்டத்தட்ட அறுநூறு. மேரிலாண்டில் மொத்தமே 24தான். 23 கவுண்டிகளுக்கு ஒவ்வொன்று, பால்டிமோர் நகரத்துக்கு ஒன்று. பெதஸ்டாவில் பல மில்லியன் டாலர் பங்களாவில் இருப்பவர் கட்டும் சொத்து வரியும், கெய்தர்ஸ்பர்கில் சின்ன டவுன்ஹவுஸ்காரர் கட்டும் வரியும் ஒரே கல்லாவுக்குப் போகின்றன. ஆசிரியர் சம்பள அட்டவணை ஒன்று, பாடத்திட்டம் ஒன்று. ஏறத்தாழ 1,60,000 மாணவர்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள். எந்த இனத்தவரும் பாதிக்கு மேல் இல்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளையர், கறுப்பினத்தவர் ஆளுக்குக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆசியர் ஏழில் ஒருவர் அளவுக்கு.

இந்தக் கலப்பு தானாக வந்ததில்லை. 1974இல் கவுண்டி ஒரு சட்டம் போட்டது. ஐம்பது வீடுகளோ அதற்கு மேலோ கட்டும் எந்த பில்டரும் அதில் ஒரு பங்கை, அப்போது 15 சதவீதத்தை, நடுத்தர வருமானக்காரர்கள் வாங்கும் விலையில் ஒதுக்க வேண்டும். அதற்கு ஈடாக அதே நிலத்தில் கூடுதல் வீடு கட்டிக்கொள்ளலாம். இங்கே எம்பிடியு என்று சொல்வார்களே, அது இதுதான். இன்னொரு ஷரத்தும் சேர்த்தார்கள்: ஒதுக்கிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு வரை கவுண்டியின் வீட்டு வசதி ஆணையம் வாங்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடலாம். அதனால் வசதியான தெருக்களுக்கு நடுவிலேயே ஏழைக் குடும்பங்கள் குடியேறின. பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள். வேறு இடங்களில் இனக் கலப்புக்காக பஸ் வைத்துப் பிள்ளைகளை ஊர் ஊராக மாற்றியதைவிட இது எவ்வளவோ சத்தமில்லாத வேலை.

இது பலன் தந்ததா என்று ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்பவர் ஆராய்ந்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்த வாடகைக் குடும்பங்கள் தங்களுக்கு எந்த வீடு என்று தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கலில் வருவதுதான். எனவே அக்கறையுள்ள பெற்றோர் நல்ல பள்ளியைத் தேடிப் போனார்கள், அதனால்தான் அந்தப் பிள்ளைகள் தேறினார்கள் என்று தட்டிக்கழிக்க வழியில்லை. 2001 முதல் 2007 வரை சுமார் 850 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்தார். அதே காலத்தில் கவுண்டி, வறுமை அதிகமுள்ள பள்ளிகளுக்கு நிறையப் பணம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. அங்கே வகுப்பில் தலைகளைக் குறைத்தார்கள், முழு நாள் கிண்டர்கார்டன் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும், வறுமை குறைந்த சாதாரணப் பள்ளிகளுக்குப் போன ஏழைப் பிள்ளைகள்தான் முன்னே வந்தார்கள். தொடக்கப் பள்ளி முடியும்போது, ஏழையல்லாத பிள்ளைகளோடு அவர்களுக்குக் கணக்கில் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண், ஆசிரியர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்பதைவிட அந்தப் பகுதியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையே அதிகம் காட்டுகிறது. வீட்டில் பொழுதும் புத்தகமும் உள்ள உங்கள் பிள்ளை பத்துக்கு ஆறு பள்ளியில் சேர்ந்தால் ஆறு ஆகிவிடாது. பத்துக்கு ஒன்பது பள்ளிக்காக ஒன்றரை லட்சம் டாலர் கூடுதலாகக் கடன் வாங்கிவிட்டு, இருவரும் ராத்திரி ஒன்பது மணி வரை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

சரி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதா? இல்லை. கவுண்டி மொத்தமாகப் பார்த்தால் கலப்பு, பள்ளி பள்ளியாகப் பார்த்தால் பிளவு. மேற்கே பொடோமாக், பெதஸ்டா பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் இலவச மதிய உணவுக்குத் தகுதியானவர்கள், அதாவது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், சொற்பம். வீட்டன், சில்வர் ஸ்பிரிங், கெய்தர்ஸ்பர்க் பக்கம் பல பள்ளிகளில் அவர்களே பெரும் பகுதி. அப்புறம், பள்ளிக்குள்ளேயே இன்னொரு பிளவு உண்டு. வாசலில் நின்று பார்த்தால் உலகமே அங்கே இருக்கும், ஏபி கால்குலஸ் (கல்லூரி அளவிலான கணக்கு) வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் பாதி முகம் நம் முகமும் சீன முகமும். நீங்கள் பள்ளியைப் பார்க்கப் போகும்போது ரேட்டிங்கை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா முடிக்கும் லத்தீன், கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர்? தயங்காமல் எண் சொல்லும் பிரின்சிபால் இருக்கும் பள்ளி நல்ல பள்ளி.

மேக்னட் பற்றியும், அதாவது பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புப் பிரிவு பற்றியும், கேட்டிருந்தீர்கள். சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள மாண்ட்கோமரி பிளேர் பள்ளியின் கணித-அறிவியல் மேக்னட் 1985இல் தொடங்கியது. வெள்ளைக் குடும்பங்கள் விலகிக்கொண்டிருந்த பகுதிக்கு கவுண்டியின் மேற்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை வரவழைப்பதும் அப்போதைய நோக்கங்களில் ஒன்று. இன்று நம் பெற்றோருக்கு அது சின்ன ஐஐடி மாதிரி. நடுநிலைப் பள்ளி மேக்னட்டுக்கு முன்பெல்லாம் பெற்றோர் விண்ணப்பித்தால்தான் பரிசீலனை. பிறகு எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் டிஸ்ட்ரிக்டே பார்க்கத் தொடங்கியது, கோவிட் காலத்தில் தகுதியானவர்களுக்குள் குலுக்கலும் வந்தது. ஆசியப் பிள்ளைகளை வெட்டிவிடுகிறார்கள் என்று 2020இல் வழக்குப் போட்டார்கள், 2022இல் அது தள்ளுபடியானது. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அது ஓடிய மாதங்களை மறக்க முடியாது. என் கருத்து அந்தக் குழுவில் எடுபடவில்லை: விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதே தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கும் கதவு திறந்தது நியாயம்தான். குலுக்கல் மட்டும் எனக்கும் பிடிக்கவில்லை. தகுதியானவர்கள் இத்தனை பேர் இருந்தால் இடத்தைக் கூட்ட வேண்டியதுதானே?

இத்தனை பேர் ஒன்றாக வாழ்வதில் வேடிக்கையும் உண்டு. 2014இல் முஸ்லிம் பெற்றோர் ஈத் பண்டிகையையும் பள்ளி நாட்காட்டியில் சேர்க்கக் கேட்டார்கள். கல்வி வாரியம் என்ன செய்தது தெரியுமா? கிறிஸ்துமஸ், யோம் கிப்பூர் பெயர்களையும் சேர்த்து எடுத்துவிட்டது. விடுமுறை அப்படியே இருக்கும், காரணம் மட்டும் அச்சில் இருக்காது! சண்டைகள் எல்லாம் இப்படிச் சிரித்து முடிவதில்லை. தன்பால் உறவுகள் இடம்பெறும் கதைப் புத்தகங்கள் வாசிக்கும் வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை கேட்டு மதப் பற்றுள்ள பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூனில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

உங்களுக்கு நான் சொல்வது, ஜெர்மன்டவுன், கெய்தர்ஸ்பர்க், கிளார்க்ஸ்பர்க் மூன்றையும் பாருங்கள். ஆனால் இன்றைய பவுண்டரியை, அதாவது எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக் கோட்டை, நம்பி மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 2019இல் கிளார்க்ஸ்பர்க் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பெரிதாகத் திரும்பக் கட்டிய செனகா வேலி பள்ளிக்கு மாற்ற முடிவு செய்தபோது, பள்ளிக்காகவே அங்கே வீடு வாங்கியவர்கள் கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கெய்தர்ஸ்பர்கில் கிரவுன் என்ற பகுதியில் புது உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் வருகிறது. புதுப் பள்ளி வந்தால் சுற்றியுள்ள கோடுகள் நகரும். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் இன்றைய பள்ளி தெரியும். பவுண்டரி ஆய்வுப் பக்கத்தில் நாளைய வரைபடம் கிடைக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள், அவர் முதலாவதை மட்டும்தான் காட்டுவார்.