19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம், சபையிலிருந்து பாஸ்டரைத் தவிர யாரும் வரவில்லை

கேள்வி: பதினோரு வருடமாக ஒரே சபைக்குப் போகிறோம். போன மாதம் என் கணவருக்குக் குடலில் ஆபரேஷன். 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சபை வாட்ஸ்அப் குரூப்பில் 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள். நான் போட்ட ஜெப விண்ணப்பத்துக்குக் கீழே 'ஆமென்', 'ஜெபிக்கிறோம் சிஸ்டர்' என்று வரிசையாக வந்தது. நேரில் வந்தவர் பாஸ்டர் ஒருவர்தான், அதுவும் ஒரே ஒரு நாள், பத்து நிமிடம். பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் குடும்பத்தார்தான் பல நாள் எனக்கு இரவுச் சாப்பாடு கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு ஆலய வாசலில் ஒரு பாட்டியம்மா மட்டும் "எங்கம்மா இத்தனை நாளா காணோம்?" என்று கேட்டார். வேறு சபைக்குப் போய்விடலாம் என்று இருக்கிறோம். அது பாவமா?
திருப்பூர் வாசகி

பதில்: பாவம் இல்லை, சகோதரி. ஆனால் போவதற்கு முன் நீங்கள் செய்யவேண்டிய ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் மனவருத்தம் நியாயமானது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்நேரம் யாராவது உங்களிடம் "மனுஷரைப் பார்க்காதீங்க, ஆண்டவரைப் பாருங்க" என்று சொல்லியிருப்பார்கள். நம் சபைகளில் அடிபட்டு வருகிறவருக்கு எடுத்தவுடன் கொடுக்கிற மருந்து அது. எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே கோபம் வரும். மத்தேயு சுவிசேஷம் 25-ல் ஆண்டவர் என்ன சொன்னார்? "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்றார். உங்கள் கணவர் படுத்திருந்த கட்டிலில்தான் தன்னை வந்து பார்க்கச் சொன்னார். அந்தக் கட்டில் பக்கம் எட்டிப்பார்க்காதவர்களுக்கு உங்களைப் பார்த்து 'ஆண்டவரைப் பார்' என்று சொல்ல எந்த உரிமையும் கிடையாது.

அந்த 'விசாரிக்க' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்று விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வருகிறது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அது வேறு. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கிறதுதான் மாசில்லாத பக்தி என்று வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரக் கடைசி வசனம் சொல்கிறது. நலம் விசாரிப்பது, துக்கம் விசாரிப்பது என்று நாமும் சொல்கிறோமே, அதே விசாரிப்பு. அதற்கு ஆள் நேரில் போகவேண்டும், உட்காரவேண்டும், சாப்பிட்டீர்களா, ராத்திரி யார் துணைக்கு இருக்கிறார்கள், பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கவேண்டும். கைபேசியில் 'ஆமென்' தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போவது விசாரிப்பு ஆகாது. ஜெபத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களைப் பற்றி அதே யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியதைப் படித்தால் அந்த 200 பேரில் பாதிப் பேருக்காவது உறுத்தும்.

எங்கள் அப்பா படுக்கையில் இருந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஜெனரல் வார்டு, தரையில்தான் நானும் அம்மாவும் மாறிமாறிப் படுப்போம். நாலாவது நாள் சாயங்காலம் எங்கள் சபையில் பின்வரிசையில் உட்காருகிற ஒரு அக்கா வந்தார். பெரிய பழக்கம் கிடையாது, ஆலயத்தில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். ஒரு தூக்குச்சட்டியில் ரசம் சாதம், துவைத்து மடித்த இரண்டு துண்டு, ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர். ஜெபம்கூட முதலில் செய்யவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத் தூங்குங்க, காலையில ஆறு மணிக்கு வாங்க, நான் இருக்கேன்" என்றார். அப்பாவின் மூத்திரப் பையை எப்போது மாற்றவேண்டும் என்று நர்ஸிடம் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் நான் கேட்ட பிரசங்கங்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது, அந்தப் பிளாஸ்க்கின் பச்சை மூடி மறக்கவில்லை.

சரி, இப்போது உங்களிடம் சில கேள்விகள். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. குரூப்பில் என்ன எழுதினீர்கள்? 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்றுதானே? ஜெபம் கேட்டீர்கள், ஜெபிக்கிறோம் என்றார்கள். 'இரண்டு ராத்திரி யாராவது வந்து இருந்தால் எனக்குத் தூக்கம் கிடைக்கும்', 'மத்தியானம் ஒரு சாப்பாடு வேண்டும்' என்று எழுதியிருந்தால்? எழுதமாட்டீர்கள், தெரியும். நம் வீடுகளில் அது கௌரவக் குறைச்சல். காணிக்கை கொடுக்கக் கூச்சப்படாத நாம் ஒரு வேளைச் சோறு கேட்கக் கூச்சப்படுகிறோம். ஆனால் வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்றுதான் யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆள் அனுப்பிக் கூப்பிடுவது நோயாளியின் உரிமை என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அப்புறம், இந்தப் பதினோரு வருடத்தில் நீங்கள் எத்தனை பேருடைய கட்டிலருகே போனீர்கள்? நிறையப் போயிருந்தால் என்னை மன்னியுங்கள். நான் போகாதவன். எங்கள் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வருடம் பாடிய நண்பர் டயாலிசிஸில் இருந்தபோது, இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அடக்க ஆராதனைக்குத்தான் போனேன். அவர் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பாஸ்டர் ஒரு நாள்தான் வந்தார் என்பது உங்கள் வருத்தம். விசாரிப்பு முழுவதையும் ஒரு மனிதர் தலையில் ஏற்றிவிட்டு, அவர் வரவில்லை என்றால் சபையே வரவில்லை என்று கணக்குப் போடுவது நம் பழக்கம். 200 பேர் உள்ள சபையில் மாதத்துக்கு நாலு வீட்டிலாவது காய்ச்சல், பிரசவம், சாவு, கடன் தொல்லை என்று ஏதாவது இருக்கும், ஒருவர் எத்தனை இடத்துக்கு ஓடுவார்? இது எருசலேம் சபைக்கே வந்த பிரச்சினை. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ல் பாருங்கள், கிரேக்க மொழி பேசுகிற யூதர்களின் விதவைகள் 'அன்றாட விசாரணையில்', அதாவது தினமும் ஏழைகளுக்கு உணவு பகிர்ந்துகொடுப்பதில், விடுபட்டுப்போனார்கள். அந்தக் கூட்டத்தார் வாய்திறந்து முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அதை அமுக்கவில்லை, ஜெபித்துக்கொண்டிருங்கள் என்று அனுப்பிவிடவும் இல்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் வீட்டு விதவை விடுபட்டாளோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போனது என்று நினைக்கத் தோன்றுகிறது.

இதை நம் சபைகள் படிக்கவேண்டும். இங்கேயும் விசாரிப்பு சொந்தபந்தம் என்ற வாய்க்காலில்தான் ஓடுகிறது, அதைச் சாதி என்றே சொல்லிவிடலாம். கமிட்டி உறுப்பினரின் மாமியாருக்குச் சளி பிடித்தால் கார் காராக ஆட்கள் வருகிறார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, அந்த ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லாத குடும்பம் பதினோரு வருடம் ஆனாலும் 'புதுசா வந்தவங்க'தான். நீங்கள் அப்படிப்பட்ட குடும்பமா என்று கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களின் கதை இது.

நம் முன்னோர் இப்படி இல்லை. 1799-ல் திருநெல்வேலிச் சீமையின் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்ற கிறிஸ்தவ கிராமத்தை உண்டாக்கியது, விசுவாசத்தை ஏற்றதற்காக அடிபட்டு வீடிழந்தவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான். 1830-ல் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் காலத்துத் தர்ம சங்கம் என்ற உதவிச் சங்கமும் அதே வேலைக்காகத்தான் நிலம் வாங்கியது. எங்கள் அம்மா உலைவைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். எங்கள் வீட்டிலேயே அரிசி அளந்துதான் போடுகிற நாட்களிலும் அந்தப் பிடி நிற்கவில்லை.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இது. இந்த 19 நாள் கதையை, எனக்கு எழுதியபடியே, பாஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். குரூப்பில் போடாதீர்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் மெலிந்திருப்பதைப் பார்க்கட்டும். சொல்லிவிட்டு, யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் நாளே போய்ப் பார்க்க, சாப்பாடு மாற்றிமாற்றிக் கொண்டுபோக, ராத்திரி இருக்க என்று நாலைந்து வீட்டுக்காரரை நியமிக்கச் சொல்லுங்கள், அதில் முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள். வார்டு எப்படியிருக்கும் என்று இப்போது அந்தச் சபையில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதன் பிறகும் 'முறுமுறுக்காதீங்க சிஸ்டர்' என்று வாயை அடைத்தால், தாராளமாக வேறு சபைக்குப் போங்கள், நான் குறை சொல்லமாட்டேன். சொல்லாமல் போனீர்களானால், அடுத்து ஆபரேஷனுக்குப் போகிற குடும்பத்துக்கும் இதே 'ஆமென்' வரிசைதான் கிடைக்கும்.

அந்தப் பாட்டியம்மா விஷயம். அவரிடம் அநேகமாக வாட்ஸ்அப் இருக்காது, அதனால்தான் விஷயம் தெரியவில்லை, அதனால்தான் வாசலில் நின்று கேட்டார். உங்கள் இடம் காலியாக இருந்ததைக் கவனித்த ஒரே ஆள் அவர். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள், ஒரு வேளைச் சாப்பாடும் கொண்டுபோங்கள், அவர் தனியாக இருக்கிறாரா, ராத்திரி யார் துணை என்று கேளுங்கள். பாஸ்டரை அப்புறம் பார்க்கலாம்.