மூன்று நாள் மருந்தும் திரும்பி வந்த வெண்புள்ளிகளும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் சிவாஜிநகரில் ஒரு கடையில் ஆறு கிளவுன் லோச் மீன்களை 1,800 ரூபாய்க்கு வாங்கி, வீட்டிலுள்ள இரண்டடித் தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் அவற்றின் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. கடைக்காரர் 200 ரூபாய்க்கு ஒரு நீல மருந்தைக் கொடுத்து, மூன்று நாள் ஊற்றச் சொன்னார். புள்ளிகள் மறைந்தன, ஆனால் அடுத்த வாரமே பல மடங்காகத் திரும்பி, முன்பிருந்த கப்பி மீன்களையும் பிடித்துக்கொண்டன. இப்போது, புற ஊதா ஒளியால் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் யுவி விளக்கை 3,500 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? மீன்களுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டால், உயிருள்ள சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார். இது சரியா?

பதில்: யுவி விளக்கை இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெண்புள்ளி நோய்க்கு உரியவை. மீன் வளர்ப்போர் இதைச் சுருக்கமாக 'இக்' என்பார்கள். இதை உண்டாக்குவது இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 'ஏராளம் பிள்ளை பெறும் மீன் பேன்' என்று இந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். உங்கள் தொட்டியில் நடந்ததும் அதுதான். மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று பருக்கும் ஒட்டுண்ணிதான் ரவை ஒட்டினாற்போல் வெள்ளையாகத் தெரிகிறது. முழுதாக வளர்ந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கிடக்கும் கூழாங்கற்களில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் நீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடுகின்றன. இரண்டொரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் இறந்துபோகின்றன.

உப்பானாலும் நீல மருந்தானாலும் யுவி விளக்கானாலும் இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்ல முடியும். தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அவை தொடுவதில்லை. அதிலும் யுவி விளக்கு, தன் குழாய் வழியே வந்து சேரும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததை நோய் தீர்ந்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். உண்மையில் அவை குட்டி போடத் தரைக்கு இறங்கியிருந்தன.

இதில் பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று நீரின் வெப்பத்தைப் பொறுத்தது: 26 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், 7 டிகிரிக்கும் கீழேயோ ஐந்து வாரங்களுக்கு மேல் நீளும். இங்கே ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது, ஹீட்டர் இல்லாத தொட்டி நீர் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். சுற்றும் அதற்கேற்ப நீண்டுபோகும். சென்னையின் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே போதாத மூன்று நாள் கணக்கு, அல்சூரின் மார்கழித் தண்ணீரில் எப்படிப் போதும்? நம் கடைகளுக்கு வரும் மீன்களில் ஒரு பங்கு சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை வழியாக வருபவை. சூடான தண்ணீரில் இருந்துவிட்டு, பையில் ஓர் இரவு பயணம் செய்து, குளிர்ந்த தொட்டியில் இறங்கும் மீனின் எதிர்ப்புச் சக்தி சரிந்துவிடுகிறது. அதிலும் கிளவுன் லோச் இந்த நோய்க்கு முதலில் இரையாகும் மீன் என்று பெயர் எடுத்தது.

ஆகவே நீங்கள் செலவிட வேண்டியது ஹீட்டருக்கும் ஒரு வெப்பமானிக்கும். உங்கள் தொட்டி ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டதானால் சுமார் 50 லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. ஆனால் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏற்ற வேண்டியிருப்பதால் 100 வாட் வாங்குங்கள். ஒரே மூச்சில் ஏற்றாமல், ஒன்றிரண்டு நாளில் சிறுகச் சிறுக 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அந்த வெப்பத்தில் சுற்று விரைவாக முடிவதோடு, ஒட்டுண்ணியின் பெருக்கமும் பெரும்பாலும் தடைபடுகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும்.

உப்பும் உதவும். மளிகைக் கடையில் கிடைக்கும், வேறெதுவும் கலக்காத கல் உப்பே போதும். அழகான டப்பாவில் அடைத்து மீன் உப்பு என்று விற்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை போடுவார்கள். லோச் மீன்களின் செதில்கள் மிக நுண்ணியவை, அவற்றுக்கு உப்பும் மருந்தும் எளிதில் உறைக்கும் என்பதால், உங்கள் தொட்டிக்கு மொத்தம் 50 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் தனியே கரைத்து மூன்று தவணையாக ஊற்றுங்கள். உயிர்ச்செடிகள் இருந்தால் உப்பு அவற்றை வாட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாய் வைத்து அடிக்கற்களிடையே உள்ள கசடை உறிஞ்சி எடுத்து, கால் பங்கு நீரை மாற்றினால், உறைகளில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். புது நீரும் அதே சூட்டில், குளோரின் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; வெளியேற்றிய நீரோடு போன அளவு உப்பையும் சேர்க்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் இதைத் தொடருங்கள். உண்மையான மருத்துவம் அந்தப் பத்து நாளில்தான் நடக்கிறது.

அந்த நீல மருந்து பெரும்பாலும் மீதிலீன் புளூவாக இருக்கும். அது பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து, தொட்டி ஓரத்துச் சிலிக்கோனையும் நீலமாக்கும். மலக்கைட் கிரீன் இதைவிட வலுவானது, லோச் மீன்களுக்குப் பாதி அளவுதான் தர வேண்டும். உணவு மீன்களில் பல நாடுகள் தடை செய்த சாயம் என்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எந்த மருந்தானாலும், தயாரிப்பாளர் பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம், தயாரித்த மாதம், விலை ஆகியவை அச்சிடப்படாமல் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் புட்டியை வாங்காதீர்கள். மருந்து போடும் நாட்களில் பில்டரிலுள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும்.

இனி பணம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அப்படியே. ஆகவே 'ரிட்டர்ன் கிடையாது' என்று கடைக்காரர் வாயால் சொல்வதோ, பலகையில் எழுதி வைப்பதோ முடிவான பேச்சு ஆகாது. ஆனால் உங்கள் வழக்கில் பலவீனம் ஒன்று உண்டு: நோய் வந்தது அவருடைய மீனிலிருந்தா, உங்கள் கப்பிகளிலிருந்தா என்று அவர் கேட்பார். வாங்கிய தேதி காட்டும் பில், நான்காம் நாள் எடுத்த படம், மருந்து கொடுத்தபோது அவர் அனுப்பிய செய்தி ஆகியவை இருந்தால் உங்கள் பக்கம் பலப்படும். முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால், 1,800 ரூபாய்க்காக ஆணையம் வரை போவதைவிட, உதவி எண்ணின் மூலம் பாதித் தொகையோ மாற்று மீன்களோ கிடைத்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

கேள்வி: அடுத்த முறை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மீனை மட்டும் பார்க்காமல், அது இருக்கும் தொட்டி முழுவதையும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு மீன் கல்லில் உடம்பைத் தேய்த்தாலோ, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நின்றாலோ, அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் வால் துடுப்பில் புள்ளிகள் முதலில் தெரியும். செவுளுக்குள் இருப்பவை வெளியே தெரியாது என்பதால், வேகமாக மூச்சு வாங்கும் மீனையும் தவிர்க்கவும். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு கடைப் பையின் நீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்து, எட்டு நியான் டெட்ராக்களை இழந்திருக்கிறேன். அந்த நீரை வாளியில் விட்டுவிட்டு மீனை மட்டும் வலையில் எடுங்கள். ஹீட்டரும் காற்றுக் கல்லும் போட்ட 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் புது மீனை மூன்று வாரம் தனியே வையுங்கள். அதற்கான வலையை வேறு தொட்டியில் தோய்க்காமல், வெயிலில் முழுதாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.