செல்லப்பிராணிகளுக்குப் பச்சை இறைச்சி: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நாய்க்கான பச்சை இறைச்சியை உறைந்த பாக்கெட்டாகத்தான் வாங்குகிறோம். அந்தக் குளிரில் கிருமிகள் இறந்துவிடாதா, டாக்டர்?

பதில்: உறைநிலையில் சில ஒட்டுண்ணிகள் இறக்கும். ஆனால் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் பெருகாமல் அடங்கிக் கிடந்து, இறைச்சி இளகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும்.

கேள்வி: எங்கள் நாய் இரண்டு வருடமாக இதைத்தான் சாப்பிடுகிறது, ஒரு நாளும் நோயில் படுத்ததில்லை. பிறகு என்ன ஆபத்து?

பதில்: ஆபத்து உங்களுக்கும்தான். நோய்க்குறி எதுவும் காட்டாமலே நாய் இக்கிருமிகளைக் குடலில் சுமந்து, மலத்தின் வழியாக வெளியேற்றும். சாப்பிட்ட வாயால் உங்கள் கையை நக்கும். போர்ச்சுகலின் போர்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25 பிராண்டுகளின் 55 நாய் உணவு மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் உறைந்த பச்சை இறைச்சி மாதிரிகள் 14. அந்தப் பதினான்கிலும் பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா இருந்தது. வேறு மருந்துகள் பலிக்காதபோது மருத்துவமனைகள் நம்பியிருக்கும் லினெசோலிடுக்குக்கூட அடங்காதவை அவற்றில் இருந்தன என்பதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான மற்றோர் ஆய்விலும், 51 பச்சை உணவு மாதிரிகளில் சுமார் 61 விழுக்காட்டில், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. பண்ணைகளில் ஆன்டிபயாடிக்குகளைத் தாராளமாகக் கொடுப்பதால் இத்தகைய கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. அவை நம் குடலுக்குள் வந்தால், உடனே நோயை உண்டாக்காவிட்டாலும், மருந்தை எதிர்க்கும் மரபணுவை அங்குள்ள மற்ற பாக்டீரியாக்களுக்குக் கைமாற்றிவிட முடியும்.

கேள்வி: வினிகரில் அலசிக் கொடுக்கலாமா?

பதில்: பயனில்லை. அரைத்த இறைச்சியில் கிருமிகள் உள்ளேயும் கலந்திருக்கும். கழுவும் நீர் தெறித்துத் தொட்டியும் மேடையும்தான் அசுத்தமாகும்.

கேள்வி: வீட்டில் எட்டு மாதக் குழந்தை தவழ்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பச்சை இறைச்சியை இன்றே நிறுத்துங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் ஆகியோர் இருக்கும் வீட்டில் இதற்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதே இறைச்சியை, எலும்பை நீக்கிவிட்டு, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவைத்துக் கொடுக்கலாம். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். பாக்கெட்டை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள். இல்லையென்றால் கசியும் இரத்தநீர் காய்கறியில் சொட்டும். ஏற்கெனவே குழந்தைக்குக் காய்ச்சலுடன் வயிற்றுப்போக்கு இருந்தால், நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று மலத்தைக் கல்ச்சர் செய்து (அதிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து) பார்க்க அது அவருக்கு உதவும்.