இதயக் குழாய்கள் இடம் மாறிய குழந்தை: பிரசவம் எங்கே?

கேள்வி: எனக்கு இது 28-வது வாரம். குழந்தையின் இதயத்தில் பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருப்பதாக ஸ்கேனில் சொல்கிறார்கள். சீக்கிரமே சிசேரியன் செய்து எடுத்துவிடலாமா? எங்கள் ஊரிலேயே பிரசவம் பார்க்கலாமா?
- வாசகி, பெரம்பலூர்

பதில்: அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் அம்மா. வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுப்பது உங்கள் நஞ்சுக்கொடிதான். தொப்புள்கொடியை வெட்டிய பிறகே சிக்கல் தொடங்கும். உடம்பிலிருந்து வரும் கெட்ட ரத்தம் உடம்புக்கே திரும்பும். நுரையீரலில் சுத்தமான ரத்தம் நுரையீரலுக்கே போகும். இரண்டும் கலக்க முக்கியமான வழிகள் இரண்டு: இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள துளை, இரண்டு பெரிய ரத்தக்குழாய்களையும் இணைக்கும் டக்டஸ் என்ற சிறு குழாய். டக்டஸ் பிறந்த சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். துளையும் குறுகலாக இருந்தால், பிறந்த சிறிது நேரத்திலேயே குழந்தை நீலம் பாரித்துவிடும்.

அதனால் எப்படிப் பிறக்கிறது என்பதைவிட எங்கே பிறக்கிறது என்பதுதான் முக்கியம். குழந்தைகள் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலோ அதை ஒட்டியோ பிரசவம் நடக்க வேண்டும். 36-வது வாரமே அந்த ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள். இதயக் கோளாறு மட்டும் இருந்தால் சிசேரியன் தேவையில்லை, சுகப்பிரசவமே போதும். 39-வது வாரம் நல்ல இலக்கு. முன்னதாக எடுத்தால் எடையும் நுரையீரல் முதிர்ச்சியும் குறைந்து, அறுவை சிகிச்சையின் ஆபத்துதான் கூடும்.

34 முதல் 36 வாரத்துக்குள் கருவின் எக்கோவை (இதய ஸ்கேன்) மறுபடி எடுத்து, மேலறைத் துளை தாராளமாகத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமாகத் தெரிந்தால், துளையைப் பலூனால் பெரிதாக்கும் சிகிச்சைக் குழு பிரசவ நேரத்திலேயே தயாராக இருக்கும். தாராளமாகத் தெரிந்தாலும் பிறந்தபின் குறுகலாம். எனவே ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று ஊரிலேயே தங்கிவிடாதீர்கள்.

பிறந்ததும் தொப்புள் சிரையில் குழாய் போட்டு, டக்டஸ் மூடாமலிருக்க புரோஸ்டாகிளாண்டின் ஈ1 மருந்தைத் தொடர்ந்து ஏற்றுவார்கள். வழக்கமான தொடக்க அளவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.01 முதல் 0.05 மைக்ரோகிராம். இம்மருந்தால் சில குழந்தைகளுக்கு மூச்சு திடீரென நிற்கும், காய்ச்சல் வரும். கண்காணிப்பு இல்லாத வார்டில் கொடுக்கவே கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 75 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் போதும். 100 இல்லையே என்று கலங்காதீர்கள். மருந்து ஏறியும் அளவு உயராவிட்டால் பெரும்பாலும் துளைதான் காரணம். அப்போது தொப்புள் அல்லது தொடைச் சிரை வழியே பலூனை அனுப்பித் துளையைப் பெரிதாக்குவார்கள்.

குழாய்களை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் முதல் 2 வாரங்களில் நடக்கும். தள்ளிப்போட்டால், நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளிப் பழகிய இடது கீழறை பலவீனமாகிவிடும். கீழறைச் சுவரில் பெரிய துளையும் இருந்தால் திட்டம் மாறலாம். அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வழியிலோ உள்ளூரிலோ பிறந்துவிட்டால், மருந்தைத் தொடங்கிய பிறகே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். இரண்டாவது ஊசி வழி, மருந்தை ஏற்றும் சார்ஜ் உள்ள பம்ப், மூச்சு கொடுக்கும் பை மூன்றும் கூடவே இருக்கட்டும். பாதி வழியில் பம்ப் நின்றால் டக்டஸ் மறுபடி சுருங்கலாம். குழந்தை குளிர்ந்துபோகவும் விடக்கூடாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே சரிபார்த்து, எக்கோ அறிக்கையின் நகலோடு பிரசவப் பையில் வையுங்கள். குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தாலும், பிறந்த 6 மணி நேரத்துக்குள் சீம்பாலைப் பீய்ச்சத் தொடங்கி, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடருங்கள்.