கிளவுடுக்கு மாற்றியபின் அதிகாலை பில்கள் முந்தைய தேதியில் விழுகின்றன

கேள்வி: இரவு முழுவதும் திறந்திருக்கும் மருந்துக் கடை ஒன்றை நானே நடத்துகிறேன். எங்கள் பில்லிங் மென்பொருளின் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். விற்ற நிறுவனத்தார் அதைக் கடைக் கணினியிலிருந்து கிளவுட் சர்வருக்கு மார்ச் மாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். அச்சாகும் பில்லில் நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 1 அதிகாலை 2.10க்குப் போட்ட பில், அறிக்கையில் மார்ச் 31 இரவு 8.40 என்று வருகிறது. சரிசெய்யத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நீங்கள் சொல்லும் இரண்டு நேரங்களுக்கும் இடையே சரியாக ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. இந்திய நேரம், உலகப் பொது நேரமான யுடிசியைவிட அவ்வளவுதான் முந்தியது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் ஓடுகின்றன; மைஎஸ்க்யூஎல்லுக்குத் தனியாக நேர மண்டலம் சொல்லாவிட்டால், அது சர்வரின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். பில் உங்கள் கணினிக் கடிகாரத்தைப் பார்த்து அச்சாவதால் அதில் பிழை தெரியாது. பகல் பில்களிலும் இதே பிழை உண்டு என்றாலும், நள்ளிரவு முதல் 5.30 வரை போடும் பில்களில்தான் தேதியே மாறுகிறது. மார்ச் 31ஐ ஒட்டி அப்படி மாறினால் விற்பனை முந்தைய நிதியாண்டுக் கணக்கில் போய்ச் சேரும் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நண்பகல் 12 மணிக்கு ஒரு பில் போட்டு அறிக்கையைப் பாருங்கள். காலை 6.30 என்று வந்தால், யுடிசி நேரம் மாற்றப்படாமல் அப்படியே காட்டப்படுகிறது. அவர்கள் திருத்திய பிறகு மாலை 5.30 என்று வந்தால், மென்பொருளும் தரவுத்தளமும் ஆளுக்கொரு முறை ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகின்றன.

பணியைத் தொடங்குமுன், பில் நேரம் டைம்ஸ்டாம்ப் வகையில் இருக்கிறதா, டேட்டைம் வகையில் இருக்கிறதா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். டைம்ஸ்டாம்ப் என்றால் மதிப்பு உள்ளே யுடிசியில்தான் சேமிக்கப்படுகிறது; மென்பொருள் தரவுத்தளத்தோடு இணையும்போது நேர மண்டலத்தை +05:30 என்று குறிப்பிட்டாலே, பழைய பில்கள் உட்பட எல்லாம் பொதுவாகச் சரியாகிவிடும். இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் இந்த நிலையான எண்ணே போதும். டேட்டைம் என்றால் எழுதிய நேரம் எழுதியபடியே கிடக்கும்: மாற்றத்துக்கு முந்தைய பில்கள் சரியாகவும், பிந்தையவை ஐந்தரை மணி நேரம் பின்தங்கியும் இருக்கும். அப்போது பிந்தையவற்றை மட்டுமே திருத்த வேண்டும். மொத்தப் பட்டியலுக்கும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் சரியாக இருந்த பில்களும் கெட்டுவிடும். ஆகவே முழு பேக்கப் எடுக்காமல் கைவைக்க விடாதீர்கள்.

சர்வரை மாற்றிக் கொடுத்தவர்கள் அவர்களே என்பதால், இது சேவைக் குறைபாடு என்று மின்னஞ்சலில் எழுதி, ஏப்ரல் 1 பில்லும் நண்பகல் சோதனை பில்லும் வரும் இரண்டு அறிக்கைப் பக்கங்களையும் அவற்றுக்குரிய அச்சிட்ட பில்களையும் இணையுங்கள். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று அவர்கள் வாதிடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.