முதல் மனிதர் ஆதம், இறைவன் தடுத்த அந்தக் கனியைத் தின்னாமல் இருந்திருந்தால் நாம் சொர்க்கத்திலேயே இருந்திருப்போமா?

கேள்வி கேட்டவர் இன்னும் இரண்டு சேர்த்திருக்கிறார்: பூமி வாழ்க்கை தண்டனை என்றால் நாம் செய்யாத குற்றத்துக்கு நமக்கு எதற்கு? சோதனை என்றால், எல்லாம் தெரிந்த இறைவனுக்குச் சோதனை எதற்கு?

இருந்திருக்க மாட்டோம் என்பதுதான் என் பதில். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துக்காரன். ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில்) கேட்டதையும் குர்ஆன் தமிழாக்கத்தில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 30ஆவது வசனத்தைப் பாருங்கள். "பூமியில் ஒரு பிரதிநிதியை ஏற்படுத்தப் போகிறேன்" என்று இறைவன் வானவர்களிடம் (மலக்குகளிடம்) சொல்கிறான். அந்தக் கனியின் மரத்தைப் பற்றிய பேச்சு 35ஆவது வசனத்தில்தான் வருகிறது. அதாவது மனிதனின் ஊர் பூமி என்பது முதலிலேயே முடிவான விஷயம். அப்புறம் ஆதமும் அவர் துணைவியும் சறுக்குகிறார்கள், இருவரும்தான். மன்னிப்புக் கேட்கிறார்கள். 37இல் மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. அதற்கு அடுத்த வசனத்திலும் "எல்லோரும் இறங்குங்கள்" என்றே கட்டளை வருகிறது. தண்டனை மட்டும்தான் என்றால் மன்னித்ததோடு முடிந்திருக்க வேண்டுமே! பரம்பரைப் பாவம் என்ற பேச்சே இஸ்லாத்தில் கிடையாது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வானவர்கள் கேட்ட கேள்வி. "அங்கே குழப்பம் செய்து ரத்தம் சிந்துகிறவனையா ஏற்படுத்தப் போகிறாய்? உன்னைத் துதிக்க நாங்கள் இருக்கிறோமே" என்கிறார்கள். மனிதன் அப்படிச் செய்ய மாட்டான் என்று இறைவன் சொல்லவில்லை. "நீங்கள் அறியாததை நான் அறிவேன்" என்கிறான், அவ்வளவுதான். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த மும்பையில் மதக் கலவரத்தில் ரத்தம் சிந்தியதைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். வானவர்கள் பயந்தது அப்படியே நடந்தது. அதே நாட்களில் வேற்று மதத்துக்காரரை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக் காப்பாற்றியவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். வானவர்கள் அறியாதது இதுவாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றும். இது என் எண்ணம்தான், தஃப்சீர் (குர்ஆன் விளக்கவுரை) இல்லை.

சரி, எதற்காகப் படைத்தான்? "என்னை வணங்குவதற்காகவே" என்று 51ஆவது அத்தியாயத்தின் 56ஆவது வசனம் நேராகச் சொல்கிறது. உங்களில் யார் செயலில் சிறந்தவர் என்று சோதிக்கவே மரணத்தையும் வாழ்வையும் படைத்ததாக 67ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. வணக்கம் என்றதும் தொழுகையோடு நிறுத்திக்கொள்கிறோம். அல்மாஊன் என்ற 107ஆவது அத்தியாயத்தில் ஏழே வசனங்கள். அனாதையை விரட்டுகிறவன், தொழுதாலும் அதில் கவனமில்லாமல் பிறர் பார்க்கத் தொழுகிறவன், சின்னப் பொருளைக்கூடப் பிறருக்குத் தராதவன், எல்லோரையும் ஒரே வரிசையில் வைத்துக் கண்டிக்கிறது. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்தான். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் பைப்பை விட்ட பிறகுதான் வாப்பா (அப்பா) எங்கள் டிரம்மை நிரப்பச் சொல்வார். அதுவும் வணக்கத்தில் சேர்ந்ததுதான் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மய்யித்தை (இறந்தவர் உடலை) கபரில் (குழியில்) வைத்து மூன்று பிடி மண் போடும்போது ஒரு வசனம் ஓதுவோம்: "இதிலிருந்தே உங்களைப் படைத்தோம், இதிலேயே உங்களைத் திரும்பச் சேர்ப்போம், இதிலிருந்தே இன்னொரு முறை வெளிப்படுத்துவோம்." மழைக்காலத்தில் அந்த மண் விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும், உதறினாலும் போகாது. வாப்பாவுக்கு மண் போட்டபோதுதான் இந்தக் கேள்வி எனக்கும் வந்தது.

சோதனை எதற்கு என்பதற்கு: இறைவன் தெரிந்துகொள்வதற்காக அல்ல. மறுமையில் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் ஏடு தரப்படும். "உன் ஏட்டைப் படி; உன் கணக்கைப் பார்க்க இன்று நீயே போதும்" என்று சொல்லப்படும் (அத்தியாயம் 17, வசனம் 14). வாழ விடாமலே, 'நீ இப்படித்தான் செய்திருப்பாய்' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் நாம் யாராவது ஒப்புக்கொண்டிருப்போமா? நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.